பிரஷர் மாத்திரை, சமையலறை உப்பு, ஊர்ச் செலவு: ஓய்வுபெற்ற பி.எச்.சி. டாக்டரிடம் கேள்வி பதில்

நான் 31 வருஷம் அரசு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் (பி.எச்.சி.) போனது. 2007 வாக்கில் பிரஷரைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்தை அரசு விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் வேலை பார்த்தேன். ஓர் ஊரில் பிரஷரும் சர்க்கரையும் எப்படிக் குறையும், அதனால் வரும் பக்கவாதம், மாரடைப்பு, கிட்னிச் செலவு எப்படிக் குறையும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். அதற்குள் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதுவது தப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (அருப்புக்கோட்டை, 52 வயது, விசைத்தறித் தொழிலாளி): டாக்டரம்மா, மூன்று வருஷமாக பிரஷர் மாத்திரை போட்டேன். போன மாதம் பார்த்ததில் 128/82. நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுபடி போடணுமா?

பதில்: ஐயா, அந்த 128 மாத்திரை போட்டதால் வந்த 128. நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியாது. பிரஷர் வலிக்காது, அதனால்தான் அது இவ்வளவு ஆட்களைச் சாய்க்கிறது.

ஓர் அம்மாவைச் சொல்கிறேன். மஞ்சப்பையோடு ஓ.பி.க்கு வந்து, மாத்திரை தீரவில்லை, சீட்டு மட்டும் போடுங்கள் என்றார். பையைக் கொட்டச் சொன்னேன். 60 மாத்திரை கொடுத்ததில் 41 அப்படியே அட்டையில் இருந்தது. "தலை வலிக்கிற அன்னைக்கு மட்டும் போட்டேன்மா" என்றார். அவர் ஏமாற்றவில்லை. காய்ச்சலுக்கு அப்படித்தானே போடுகிறோம், இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். கொடுத்த நாங்கள் உட்கார வைத்துச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பக்க வாய் கோணி, மகன் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு என் ஓ.பி.யில் யாருக்கும் காலி அட்டையைப் பார்க்காமல் அடுத்த மாத்திரை எழுதியதில்லை.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு பிரஷர் இருந்தது. அப்படி இருப்பவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். நூறு பேரில் ஏழு பேர்! மாத்திரை இல்லாமல் இல்லை. 1995-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒன்று அவர்களுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாகத்தான் அடங்குகிறது. அப்படியும் தெரியாமல் இருப்பவர்கள், தெரிந்தும் தொடங்காதவர்கள், தொடங்கி உங்களைப் போல நடுவில் விட்டவர்கள் என்று எல்லாரும் சேர்ந்துதான் மீதி 93.

நாளைக் காலையில் ஒரு தடவை அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள். காபி, பீடி எதுவும் அரை மணி நேரம் முன்னால் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கை மேல் பட்டை கட்டக் கூடாது. கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வையுங்கள், பேசாதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் தடவையும் அளக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் சொல்கிறேன்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டுமானால் எழுதிய டாக்டர் குறைக்கட்டும்.

கேள்வி (சேலம், இல்லத்தரசி): வீட்டில் சாதா உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். பிரஷருக்கு நல்லது என்று காணொளியில் சொன்னார்கள். விலை ஐந்து மடங்கு. சரிதானே?

பதில்: சரியில்லை அம்மா. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். ரோஸ் நிறம் கொடுக்கிற தாதுக்கள் உடம்புக்குப் பயன்படும் அளவில் இல்லை. பிரஷரை ஏற்றுகிற சோடியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. போதாததற்கு, பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. வீட்டில் வளரும் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் அது நிஜமான கெடுதல்.

எந்த உப்பு என்பதை விட எவ்வளவு உப்பு என்பதுதான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஸ்பூன் கணக்கு யாருக்கும் நிற்காது, பாக்கெட் கணக்கு நிற்கும். உங்கள் வீட்டில் நான்கு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். பிரிக்கிற அன்றே பாக்கெட் மேல் பேனாவால் தேதி போடுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஒரு பாக்கெட் 25 நாள், 30 நாள்தான் வந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடைப் பலகாரம் இவற்றில் போவது அந்தக் கணக்கிலேயே வராது. முதல் மாதம் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், அடுத்த மாதம் இன்னொரு பங்கு. நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள்.

உப்பையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நிரூபிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். பாதி கிராமங்களுக்கு சாதா உப்பு, மீதிக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021-இல் முடிவு வந்தது: கலந்த உப்பு சாப்பிட்ட கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. வேறெதையும் மாற்றவில்லை, உப்பை மட்டும்தான். நம் ஊரிலும் 2014-இல் அம்மா உப்பு என்று வந்தபோது சோடியம் குறைந்த உப்பு ஒன்று அதில் இருந்தது. கிலோ 21 ரூபாய். சாதா அயோடின் உப்பு 10 ரூபாய். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்? விலை வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டு ரேஷனில் கொடுத்தால் எத்தனை பக்கவாதம் குறையும் என்று நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

ஆனால் இது முக்கியம்: கிட்னி கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேள்வி (திருச்சி, 38 வயது, வங்கி ஊழியர்): சுகர் "பார்டரில்" இருக்கிறது என்றார்கள். இன்னும் வரவில்லை, அதனால் கவலை இல்லைதானே?

பதில்: தம்பி, திருப்ப முடிகிற இடம் இதுதான். இதைத் தாண்டினால் கட்டுப்படுத்துவதுதான் வேலை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போல பார்டரில் இருந்த 531 பேரை 30 மாதம் தொடர்ந்து பார்த்தது. 2006-இல் முடிவு வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்து விடாமல் கவனித்த குழுவில் சர்க்கரை வருவது 28 சதவீதம் குறைந்தது. சீனாவில் டாச்சிங் என்ற ஊரில் 1986-இல் 577 பேரோடு தொடங்கினார்கள். ஆறு வருஷம்தான் பயிற்சி கொடுத்தார்கள், 30 வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது சர்க்கரை சராசரியாக நான்கு வருஷம் தள்ளிப்போயிருந்தது, இதயநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவை ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். தினம் அரை மணி நடை. வருஷம் ஒரு தடவை டெஸ்ட்.

கேள்வி (திருநெல்வேலி): அரிசியை விட்டுவிட்டு ராகி, தினை, வரகுக்கு மாறினால் சர்க்கரை குறையுமா?

பதில்: இரண்டு கரண்டி அரிசிச் சோற்றின் இடத்தில் இரண்டு கரண்டி வரகுச் சோறு என்றால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் ராகியை மைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். மாவானதும் அதுவும் வேகமாகச் செரித்துவிடும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கில் எந்தச் சோறு என்பது உங்கள் விருப்பம். நம் வீடுகளில் தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த அளவு.

கேள்வி (சென்னை): வருஷா வருஷம் 5,000 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை செய்கிறேன். போதுமா?

பதில்: பிரஷர், சர்க்கரை, எடை, கொலஸ்ட்ரால், சிறுநீர் டெஸ்ட். உங்கள் வயதுக்குப் பெரும்பாலும் இது போதும். பி.எச்.சி.யில் இலவசம். பெண்கள் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். மீதியை வைத்து ஒரு நல்ல பி.பி. மெஷின் வாங்கி வீட்டில் வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் சர்க்கரைக்குக் கேட்குமா?

பதில்: சித்த மருத்துவம் என் படிப்பு இல்லை. பல பி.எச்.சி. வளாகங்களில் சித்த டாக்டர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், ஆடிட்டர்): உங்கள் பேச்சு மனதுக்கு நன்றாக இருக்கிறது, கணக்குக்கு வரவில்லை. நோயைத் தடுத்தால் செலவு குறையும் என்கிறீர்கள். அறுபதில் மாரடைப்பில் போகிறவருக்கு அதோடு செலவு முடிந்தது. தடுத்து 85 வரை வாழ வைத்தால் அந்த 25 வருஷ வைத்தியச் செலவு யார் கணக்கு? ஆயிரம் பேருக்கு மாத்திரை கொடுத்தால் சில பேருக்குத்தான் பக்கவாதம் தடுக்கப்படும். மீதிப் பேர் சாப்பிட்டது வீண்தானே?

பதில்: நியாயமான கேள்வி. இதற்கு விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன கணக்கை நெதர்லாந்தில் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வந்த கணக்கு அது. புகைபிடிப்பவர்கள், பருமனானவர்கள், ஆரோக்கியமானவர்கள் மூன்று வகையினருக்கும் ஆயுள் முழுக்க ஆகும் வைத்தியச் செலவில், ஆரோக்கியமானவர்களுக்கே அதிகம். அதிக நாள் வாழ்வதால். இதை மறைத்துவிட்டு தடுப்பு என்றால் லாபம் என்று மேடையில் பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். எல்லாத் தடுப்பும் காசு மிச்சம் பண்ணாது. சற்று முன் சென்னைக்காரருக்குச் சொன்னேனே, அந்த 5,000 ரூபாய்ப் பரிசோதனை பெரும்பாலும் செலவுதான்.

ஆனால் அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்க்கிறது. பக்கவாதம் எந்த வயதில் வருகிறது என்று பாருங்கள். என் ஓ.பி.யில் நாற்பதுகளிலேயே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தறி ஓட்டுகிறவர் 48-இல் விழுந்தால் தறி நிற்கிறது. பார்த்துக்கொள்ள மனைவி தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விடுகிறார். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, பெண் பிள்ளை பன்னிரண்டாவதோடு நிற்கிறாள். இதில் ஒரு ரூபாய்கூட எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது. 48-இல் வருவதை 78-க்குத் தள்ளினால் அந்த வீட்டுக்கு முப்பது வருஷக் கூலி மிச்சம்.

அப்புறம் யார் கையிலிருந்து போகிறது என்பது. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 2013-14-இல் 64 சதவீதம் ஜனங்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. 2021-22-இல் அது 39 சதவீதம் என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது சந்தோஷம். இன்னும் பத்தில் நான்கு ரூபாய் வீட்டுக்காசு.

அந்த "மீதிப் பேர்" விஷயம். அவர்களில் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. பிரிட்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1985-இல் இதைத்தான் விளக்கினார். 200-க்கு மேல் பிரஷர் உள்ள ஆளுக்கு ஆபத்து அதிகம், ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர். 140, 150-இல் இருப்பவர்கள் நானூறு பேர். ஆளுக்கு ஆபத்து குறைவுதான், கூட்டம் பெரிது. அதனால் ஊரின் பக்கவாதங்களில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்திலிருந்தே வருகிறது. நாலு பேரை மட்டும் கவனித்தால் ஊருக்குக் குறையாது.

கேள்வி (அதே ஆடிட்டர்): சரி, வயது விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழைகளுக்குத்தான் முதல்வர் காப்பீடு இருக்கிறதே. ஐந்து லட்சம் வரை.

பதில்: இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ உயிர் பிழைத்ததை நேரில் கண்டவள் நான். ஆனால் காப்பீட்டு அட்டை வேலை செய்வது பெரும்பாலும் படுத்த பிறகு. போக்குவரத்துக்கும் போன கூலிக்கும் அதில் இடமில்லை.

கேள்வி (மதுரை): நடுவில் வருவதற்கு மன்னிக்கணும் டாக்டர். அப்பாவுக்கு நான்கு வருஷமாக டயாலிசிஸ். காப்பீட்டில்தான், மெஷினுக்குக் காசு கட்டியதில்லை. வாரம் மூன்று தடவை. வருஷத்துக்கு 156 நாள். போக வர ஆட்டோ, கூட ஓர் ஆள். அந்த ஆள் நான்தான். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டேன். அவர் கேட்கிற கணக்கில் இது எங்கே வரும்?

பதில்: எங்கேயும் வராது அம்மா. அதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றேன், நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். ஒன்று கேட்கலாமா? அப்பாவுக்கு பிரஷர் இருப்பது எப்போது தெரிந்தது?

கேள்வி (மதுரை): கிட்னி போய்விட்டது என்று சொன்ன அதே நாளில். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அளந்ததில்லை. முழங்கால் வலிக்கு மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார், பல வருஷமாக.

பதில்: அளக்காத பிரஷரும் கடையில் வாங்கும் வலி மாத்திரையும். கிட்னி வார்டில் இந்த இரண்டையும் சேர்த்தே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போடாதீர்கள். பிரஷரோ சர்க்கரையோ உள்ளவர்கள் போடவே போடாதீர்கள். உங்களுக்கும் முப்பது வயது தாண்டியிருந்தால் அப்பாவோடு போகிற அந்த நாளிலேயே உங்கள் பிரஷரையும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கூட வருகிறவர்களை யாரும் அளப்பதில்லை.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி உரிமையாளர்): எல்லாம் சரி. ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்பதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? ராத்திரி பரோட்டா, காலையில் பூரி, வாயில் பாக்கு. அப்புறம் என் வரிப்பணத்தில் வைத்தியம்.

பதில்: ஐயா, இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பையனுக்கு, பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் வேறு என்ன கிடைக்கிறது? பரோட்டாக் கடைதான் திறந்திருக்கிறது. அறையில் எட்டுப் பேர், ஒரு அடுப்பு. அவனை மனவுறுதி இல்லாதவன் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

மனவுறுதியை நம்பாத வேலைகள்தான் ஜெயித்திருக்கின்றன. எண்ணெய், வனஸ்பதியில் இருக்கிற டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து நாடு முழுக்கச் சட்டம். பரோட்டா சாப்பிடுகிறவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எதையும் விடவில்லை, இதயத்துக்கு வந்த ஓர் ஆபத்து குறைந்தது. அயோடின் உப்பும் அப்படித்தான். உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. கேன்டீன் இருக்கிறதா? சமையல்காரரைக் கூப்பிட்டு சாம்பாரில் உப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லுங்கள், பொரித்த எண்ணெயை மறுநாளும் ஊற்றுகிறாரா என்று பாருங்கள். வருஷம் இரண்டு தடவை பி.எச்.சி.யிலிருந்து ஆளை வரவழைத்து ஷிப்ட் நேரத்திலேயே பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், அந்த அரை மணிக்குக் கூலியைப் பிடிக்காமல்.

கேள்வி (நாமக்கல்): அரிசி சாப்பிடலாமா, கூடாதா?

பதில்: திருநெல்வேலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வேலூர்): கம்பு சாப்பிட்டால் சுகர் ஏறுமா?

பதில்: அதே பதில்தான். சிறுதானியம் பற்றி இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், தயவு செய்து. நேற்றிலிருந்து பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பிரஷர் எவ்வளவு என்று எழுதவே இல்லை.

கேள்வி (கடலூர்): என் எச்.பி.ஏ.1.சி. 8.2, கிரியேட்டினின் 1.4, மாத்திரை மாற்றணுமா?

பதில்: முன்னுரையிலேயே சொன்னேன். ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் எண் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, இரண்டாவது கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுவது. இரண்டும் இந்த வாரமே ஒரு டாக்டர் பார்க்க வேண்டியவை.

கேள்வி (புதுக்கோட்டை, கர்ப்பிணியின் கணவர்): குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை. ஆனாலும் மனைவிக்குக் குளுக்கோஸ் கொடுத்து டெஸ்ட் எடுக்கிறார்கள். தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று 2007-இலேயே உத்தரவு போட்ட மாநிலம் இது. சென்னை டாக்டர் வி. சேஷய்யா அதற்காகப் பல வருஷம் பாடுபட்டார். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய்க்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு மிக அதிகம், குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் இரண்டு தலைமுறையைப் பார்க்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் உண்டு. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

கேள்வி (திருவண்ணாமலை மாவட்டம், ஊராட்சி மன்றத் தலைவர்): எங்கள் ஊரில் 3,000 பேர். ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அதுவரை ஊராட்சியால் செய்ய முடிந்தது ஏதாவது உண்டா?

பதில்: இரண்டு நாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

ஃபின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு மாகாணம். 1970 வாக்கில் உலகிலேயே மாரடைப்பில் ஆண்கள் அதிகம் செத்த இடங்களில் ஒன்று. காட்டு வேலை, பண்ணை வேலை செய்கிற உழைப்பாளிகள், நாற்பது ஐம்பதிலேயே போனார்கள். ஊர்க்காரர்களே 1971-இல் அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1972-இல் வேலை தொடங்கியது. பொறுப்பேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது 27. அவர்கள் இதய ஆஸ்பத்திரி கட்டுவதை நம்பி இருக்கவில்லை. சாப்பாட்டில் வெண்ணெய் அதிகம், உப்பு அதிகம், புகை அதிகம் என்று பார்த்து, மார்த்தா சங்கம் என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து வீடு வீடாகச் சமையலை மாற்றினார்கள். தொத்திறைச்சி செய்கிற ஆலைக்காரரிடம் போய்க் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் பிழைப்புப் போகிறதே என்று எதிர்த்தபோது, அந்தக் குளிரில் நன்றாக விளைகிற பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவினார்கள். எந்தக் கிராமம் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டி வைத்தார்கள். சுமார் நாற்பது வருஷத்தில், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நம் பக்கத்திலேயே ஒன்று: சென்னை ஆசியாட் காலனி. டாக்டர் வி. மோகன் குழு அங்கே சர்க்கரை ஆராய்ச்சிக்குப் போய், நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குடியிருப்பவர்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். வாரம் மூன்று தடவைக்கு மேல் நடப்பவர்கள் 14 சதவீதமாக இருந்தது 59 சதவீதமானது. இடம் இருந்தால் ஜனங்கள் நடக்கிறார்கள் தலைவரே. 2023-இல் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கியது நல்ல வேலை, ஆனால் உங்கள் ஊர் அம்மாக்கள் அதற்காகத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏற மாட்டார்கள்.

அதனால் உங்கள் ஊருக்கு: ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்தைச் சுற்றியோ ஒரு பாதை, முள் வெட்டி, விளக்குப் போட்டு. விளக்கு முக்கியம். வேலை முடித்து இருட்டிய பிறகுதான் பெண்களுக்கு நேரம் கிடைக்கும். விளக்கில்லாத பாதையில் ஆண்கள் மட்டும்தான் நடப்பார்கள்.

அப்புறம் ஊரில் முப்பது வயது தாண்டிய எல்லாரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று கண்டுபிடியுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்த பெண்தான், உங்களுக்குத் தெரிந்தவராகவே இருப்பார். அவர் போகும்போது ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பக்கம், நூறு நாள் வேலை நடக்கிற இடம், இங்கே அவரை உட்கார வையுங்கள், ஒரு நாற்காலியும் மேசையும் போடுங்கள். முதலில் நீங்கள் கையை நீட்டுங்கள், எல்லார் முன்னாலும். கிராமசபையில் வரவு செலவு வாசிக்கிறீர்களே, அதே போல ஒரு வரி சேருங்கள்: ஊரில் பிரஷர் உள்ளவர்கள் எத்தனை, அதில் கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை. பெயர் வேண்டாம், எண் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த எண் ஏறுகிறதா என்று ஊரே பார்க்கட்டும்.

திருவிழா அன்னதானச் சமையல்காரரோடும் பேசுங்கள். உப்பு, எண்ணெய் விஷயத்தில் ஊர் முழுக்கச் சாப்பிடுகிற ஒரே அடுப்பு அது.

மனுவை நிறுத்த வேண்டாம். துணை சுகாதார நிலையம் உங்கள் உரிமை.

கேள்வி (ஓசூர்): பீடியை விட முடியவில்லை.

பதில்: 1800 11 2356, புகையிலையை விடுவதற்கான அரசு இலவச எண். இன்றைக்கே கூப்பிடுங்கள். தேதி ஒன்று குறித்து அன்றோடு விடுங்கள். விழுந்தால் மறுபடி தேதி குறியுங்கள். பல தடவை முயன்று விட்டவர்கள்தான் அதிகம்.

கேள்வி (பெங்களூரு): அம்மா தனியாக உளுந்தூர்பேட்டை பக்கம் கிராமத்தில் இருக்கிறார். 67 வயது. பிரஷர், சுகர் இரண்டும். நான் தூரத்தில் இருந்து என்ன செய்ய முடியும்?

பதில்: 104-க்குக் கூப்பிட்டு அந்த ஊர் எந்த பி.எச்.சி.க்குக் கீழ் வருகிறது என்று கேளுங்கள், அம்மாவின் பெயர் வீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே விசாரியுங்கள். போனில் "மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்டால் எல்லா அம்மாவும் போட்டேன் என்றுதான் சொல்வார். வீடியோவில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்படாமல், தினம் ஒரே நேரத்தில். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவர் காலைத் தூக்கிப் பாதத்தின் அடியைப் பாருங்கள். புண் இருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி (அருப்புக்கோட்டை): டாக்டரம்மா, நேற்று முதல் கேள்வி கேட்டவன். நீங்கள் சொன்ன மாதிரி ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, மருமகள் வாங்கி வைத்திருந்த மெஷினில் பார்த்தேன். முதல் தடவை 172/104. இரண்டாவது 168/102. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. நம்பவே முடியவில்லை.

பதில்: எழுதியது நல்லது ஐயா. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளவும் வேண்டாம். நாளை திங்கள்கிழமை தறிக்குப் போவதற்கு முன்னால் பி.எச்.சி.க்குப் போங்கள். பழைய சீட்டு, பழைய மாத்திரை அட்டை, இந்த இரண்டு எண் எழுதிய தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அதற்குள் ஒரு கை மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு அடைத்தாலோ நாளைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லி மருமகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மெஷினை அவர்தானே வாங்கினார்? அவருக்கும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.